நான்காவது கம்பி

தம்பி,

நான் உம்மைத் திருடன் என்று சொல்லித் துரத்தினேன் என்று பதுளையில் இன்னமும் கதைக்கிறார்கள். அது பிழை. மாதா கோவில் வாசலில் மூன்று பெண்களுக்கு முன்னால் நான் சொன்னது ஒரே ஒரு விஷயம்: காரில் என்ன கோளாறு என்று உமக்குத் தெரியும், தெரிந்துகொண்டே மறைக்கிறீர். அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை. நான் சொன்னது சரி என்பது போன மாதம் நிரூபணமாகிவிட்டது. சரியாகச் சொன்னதுதான் இப்போது எனக்குப் பாரமாக இருக்கிறது.

இதைக் கார்க் கொட்டிலில், காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை. ஈர இரும்பும் பழைய பசையும் கலந்த இந்த மணம் உமக்குத் தெரியும். என் மடியில் ஒரு சுவிட்ச் கிடக்கிறது. மண்ணிறம், பேரிக்காய் வடிவம், கட்டில் தலைமாட்டில் வயரோடு தொங்கும் வகை. இதுவும் உமக்குத் தெரியும். எனக்குத்தான் எட்டு வருடம் தெரியாமல் இருந்தது.

முதலில் இருந்து எழுதுகிறேன். நான் எதையும் நடுவில் தொடங்குவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், வெளிநாட்டில் இருந்து திரும்பிய நண்பர் ஒருவர் என் கணவருக்கு ஒரு கசெட் செட்டும் பெரிய அம்ப்ளிபயர் பெட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். என் கணவர் பதுளைக் கச்சேரி அலுவலகத்தில் காணிப் பகுதியின் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தமாகத் தொடங்கியிருந்தது. வீட்டு ரேடியோவைக் கூட்டி வைத்தால் நான் குறைப்பேன். காரில் கேட்டால் யாருக்கும் தொல்லை இல்லை என்றார். பசறை வீதியில் தகரக் கொட்டகை வைத்திருந்த உம்மை அழைத்து வந்தார். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, தோட்டத் தொழிற்சாலையில் வயரிங் பழகி, பதுளையில் கார் வேலை பிடித்தவர் என்று உம்மை எனக்கு அறிமுகம் செய்தார். நான் உம்முடைய நகங்களைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. அது உமக்குச் சாதகமாக என் கொப்பியில் பதிவாகியிருக்கிறது.

பற்றரியில் இருந்து டிக்கி வரைக்கும் தடித்த சிவப்புக் கம்பி ஒன்றை இழுத்தீர். பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு ப்யூஸ் வைத்தீர். ஏன் அங்கே என்று கேட்டேன். "நடுவுல எங்கயாச்சும் ஒரசிச்சுன்னா மொதல்ல ப்யூஸ் போகணுங்க டீச்சர். கார் போகக் கூடாது" என்றீர். நல்ல விடை. முழுப் புள்ளி கொடுத்தேன்.

அதன் பிறகு டிக்கியின் தரையில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டப் போனீர். நான் உம்முடைய கையைத் தடுத்தேன்.

"பெயின்ட்டு மேல எர்த் வச்சா புடிக்காதுங்க. வெறும் தகரம் வேணும்."

"போன வருசம்தான் முழுக்காருக்கும் பெயின்ட் அடிப்பிச்சது. ஒரு கீறலும் விழக் கூடாது. இருக்கிற ஆணியிலை பூட்டும்."

நீர் அவரைப் பார்த்தீர். அவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு, "அவ சொல்லுறபடி செய்யும் தம்பி, அதுதான் சுகம்" என்றார். இருவரும் சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. என்ன இருந்தாலும் கறுப்புக் கம்பியைப் பெயின்ட் பூசிய ஆணியிலேயே பூட்டினீர்.

நான் ஏன் ஒவ்வொரு கம்பியின் பெயரையும் கேட்டு எழுதினேன் என்பதற்குக் காரணம் இருந்தது. அந்த நாட்களில் பண்டாரவளைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி இருந்தது. டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு, டிக்கி நிறையக் கம்பியோடு போகிற பெண், இது எதற்கு என்று கேட்டால் உடனே விடை சொல்ல வேண்டும். ஆகவே கொப்பியில் எழுதி வைத்தேன். ஒன்று, சிவப்பு: பற்றரியின் பலம். இரண்டு, கறுப்பு: எர்த். மூன்று, நீலம்: செட்டைப் போட்டதும் பின்னால் உள்ள பெட்டியை எழுப்பும் கம்பி. மூன்றுதான். கீழே நீர் கையெழுத்து வைத்தீர்.

அடுத்த வருடம் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. கார் ஓட்டக் கூடாது என்று டொக்டர் சொன்னார். டொக்டர் சொல்லி முடிக்க முன்னமே காரின் திறப்பு என் கைப்பைக்குள் போய்விட்டது. நீங்கள் சாவி என்பீர்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்போது கொன்வென்டில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். திறப்பும் என்னோடு பள்ளிக்கூடம் வரும், என்னோடு திரும்பும்.

பின்னேரம் நான் வீட்டுக்கு வரும்போது அவர் காருக்குள் இருப்பார். கதவு திறந்திருக்கும், மடியில் பத்திரிகை. "இங்கை காத்து நல்லா வருது" என்பார். அந்தக் கொட்டிலில் காற்று வருவதில்லை. நான் நம்பினேன். அதே மாதம் கட்டில் விளக்கின் சுவிட்ச் உடைந்துவிட்டது, எறிந்துவிட்டேன் என்றார். நம்பினேன். கார்த் தரைக்குப் புது விரிப்பு வாங்கித் தன் கையாலேயே பசை பூசி ஒட்டினார். அந்தப் பசை மணத்துக்காக ஏசினேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரே பிழை இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்கிறவள் நான். எழுத்தில் கேட்காமல் நான் நம்பிய ஒரே ஆள் அவர்.

அவர் போனது ஒரு புதன்கிழமை. மதியம் காரில் இருந்து எழுந்து வந்து, களைப்பாக இருக்கிறது என்று படுத்தவர்தான்.

முப்பத்தோராம் நாள் முடிந்து காரை எடுக்கப் போனால் பற்றரி செத்துக் கிடந்தது. ஏற்றிப் போட்டால் ஓடும். இரண்டு நாள் நிறுத்தினால் மறுபடியும் சாகும். ஓடும்போது இன்னொரு பிசாசு. பாட்டுக்கு அடியில், நுளம்பு காதடியில் பறந்து இரைகிற மாதிரி ஒரு சத்தம். முன்பு மெல்லியதாக இருந்தது, இப்போது பெரிதாகிவிட்டது. காலை அழுத்தினால் ஏறும், எடுத்தால் இறங்கும். சனிக்கிழமைகளில் நமுனுகுலத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போவேன். அந்த வளைவுகளில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அந்தச் சத்தமும் என்னோடு மலை ஏறும்.

உம்மை அழைத்தேன். அழைக்கும்போதே சந்தேகம் இருந்தது, அதை மறைக்கவில்லை. யாரோ நல்ல பற்றரியைக் கழற்றிப் பழசைப் போடுகிறார்கள் என்று நினைத்து, கவராயத்தின் முனையால் பற்றரியில் என் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்திருந்தேன். நீர் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர் பேட்டரிக்கும் பேரு வச்சிட்டாங்க" என்றீர். நான் சிரிக்கவில்லை.

டிக்கியைத் திறந்து அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தீர். திறப்பு என் கையில். செட் அணைந்திருந்தது. ஆனாலும் உம்முடைய முகம் மாறியது.

"பெட்டி சூடாருக்குங்க" என்றீர். பிறகு, மெதுவாக, "ஐயா கடைசியா எப்பங்க கார்ல உக்காந்தாரு?"

என் கணவர் எங்கே உட்கார்ந்தார் என்பது வயர்மேனுக்கு எதற்கு? அந்தக் கேள்வியையும் கொப்பியில் எழுதினேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. நிமிர்ந்து பார்த்தபோது நீர் முன் கதவைத் திறந்து குனிந்திருந்தீர். உம்முடைய கை சாரதி இருக்கைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"கையை எடும்" என்றேன்.

எடுத்தீர். "டீச்சர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்றீர். வேலைக்காரி இல்லாத நாள். என்னை உள்ளே அனுப்பப் பார்க்கிறீர் என்று எனக்குத் தெரிந்தது. அதுவும் சரிதான், பாரும். நான் அசையவில்லை. டோர்ச் அடித்து இருக்கைக்கு அடியில் பார்த்தேன். அவர் ஒட்டிய விரிப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

அடுத்த முறை வந்தபோது சத்தத்தைத் தேடினீர். அந்த வேலையை நீர் செய்த ஒழுங்கை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். எஞ்சினை அணைத்தீர்: சத்தம் இல்லை. ஓடவிட்டு, பாட்டைக் கொண்டுவரும் மெல்லிய வயர்களைப் பெட்டியில் இருந்து பிடுங்கினீர்: சத்தம் நின்றது. பையில் இருந்து ஒரு சின்னக் கசெட் பிளேயரை எடுத்து, அதன் சொந்தப் பற்றரியில் ஓடவிட்டு, நேரே பெட்டியில் கொளுவினீர்: பாட்டு மட்டும் வந்தது, நுளம்பு இல்லை. "அப்போ பெட்டி நல்லதுங்க. முன்னுக்கு ஒரு எர்த், பின்னுக்கு ஒரு எர்த். பின்னுக்கு உள்ளது பெயின்ட்டுல ஒக்காந்திருக்கு. கரண்டுக்கு வீட்டுக்குப் போக வழியில்ல, பாட்டு வர்ற வயர் வழியா போகுது. அதான் கத்துது" என்றீர். ஒரு நாணயம் அளவுக்குச் சுரண்டவிட்டால் போதும் என்றீர்.

அவர் அடிப்பித்த பெயின்ட். அவர் போய் மூன்று மாதம். விடமாட்டேன் என்றேன். சுரண்டுவதற்கு ஒரு சாட்டுத் தேடுகிறீர் என்றும் நினைத்தேன்.

மெல்லிய வயர்களைச் சிவப்புக் கம்பியில் இருந்து பிரித்து மறுபக்கமாகக் கொண்டுபோனீர். கொஞ்சம் குறைந்தது. அப்படிப் பிரிக்கும்போதுதான், டாஷ்போர்டின் அடியில் நான் நான்காவது கம்பியைக் கண்டேன். வீட்டு விளக்குகளுக்குப் போடும் முறுக்கிய மண்ணிற வயர். விரிப்புக்கு அடியில் போய் மறைந்தது.

"இது என்ன?"

"அது சும்மாங்க டீச்சர்."

"சும்மா இருக்கிற கம்பி எண்டு ஒண்டு இருக்குதோ?"

அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டீர். விளக்கம் சொல்லாமல் என் காரில் ஒரு கம்பியையும் வெட்டக் கூடாது என்றேன். விரிப்பைத் தூக்கும் என்றேன். "ஐயா கையால ஒட்டுனதுங்க, கிழிஞ்சிரும்" என்றீர். அவருடைய பெயரைச் சொல்லி என் வாயை அடைக்கிறீர் என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. கொப்பியையும் பேனாவையும் நீட்டினேன். நான்காவது கம்பி எதற்கு, யார் போட்டது, ஏன் விரிப்பைத் தூக்கக் கூடாது, மூன்றையும் எழுதித் தாரும் என்றேன்.

பேனாவை வாங்கினீர். கொப்பியைப் பொனட்டின் மேல் வைத்தீர். பிறகு பேனாவை மூடி, என்னிடமே நீட்டினீர்.

"எழுதுனா ஒண்ணு பொய் எழுதணும், இல்லாட்டிச் சொல்ல மாட்டேன்னு சொன்னத எழுதணும். ரெண்டும் என்னால ஏலாதுங்க டீச்சர்."

அன்று நான் எழுதிய வரி: "நான்காவது கம்பி. விளக்கம் இல்லை." திகதி, என் கையெழுத்து. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கோவில் வாசலில் சொன்னேன். என் வார்த்தைக்குப் பதுளையில் இருந்த மதிப்பு எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். கொன்வென்ட் வான் உம்மிடம் வருவது நின்றது. டொக்டரின் கார் நின்றது. அடுத்த மழைக்காலத்துக்குள் பசறை வீதியில் உம்முடைய தகரக் கதவு பூட்டிக் கிடந்தது. அதற்கு முன் ஒருநாள் லுணுகலை பஸ்சில், பிள்ளைகளோடு நின்றுகொண்டே எனக்கு வணக்கம் சொன்னீர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீர் வெளிநாடு போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இன்னொருவரிடம் காட்டினேன். பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார். அவரையும் அனுப்பிவிட்டு, கைப்பையில் ஒரு ஸ்பேனர் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் காரை நிறுத்தியதும் பொனட்டைத் தூக்கி, பற்றரியின் ஒரு முனையை என் கையாலேயே கழற்றிவிடுவேன். எட்டு வருடம். விரிப்பை நானே தூக்கிப் பார்த்திருக்கலாம். அவர் ஒட்டியது கிழிந்துவிடும் என்று தூக்கவில்லை. அது முழுக் காரணமா என்று இப்போது என்னையே கேட்கிறேன். அதற்கு அடியில் இருப்பது உம்முடைய குற்றம்தான் என்று நம்பிக்கொண்டிருக்க எனக்கு வசதியாகவும் இருந்திருக்கலாம்.

இந்த வருடம் என் கண்ணில் புரை விழுந்தது. இனி ஓட்ட வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். என்னோடு இருக்கும் என் தங்கையின் மகள் அன்றே கையை நீட்டினாள். "பெரியம்மா, திறப்பு என்னட்டை இருக்கட்டும்." கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. காரை விற்கலாம் என்று பண்டாரவளையில் இருந்து ஒரு வயர்மேனை அவள்தான் கூப்பிட்டாள். நரைத்த மனிதர், வெற்றிலை வாய். நான் பக்கத்தில் நின்றேன். இருக்கையைக் கழற்றி விரிப்பைத் தடவினார். எங்கும் பசை பிடித்திருந்தது, ஓரிடத்தைத் தவிர. சாரதி இருக்கைக்கு அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மடிப்பு, பசை படாமல். அதைத் தூக்கினார். எங்கள் கட்டில் விளக்கின் சுவிட்ச், கச்சேரியில் கோப்புக் கட்டும் பச்சை நாடாவால் சுற்றிக் கட்டியபடி கிடந்தது. அந்த முடிச்சை நான் நாற்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

"இது சாவி இல்லாமப் பாட்டு கேக்க வச்சதுங்க" என்றார் அந்த மனிதர். "செட்ட நிப்பாட்டுனாலும் இத நிப்பாட்டாட்டிப் பின்னால பெட்டி முழிச்சுக்கிட்டே கெடக்கும். பேட்டரி எப்படி நிக்கும்?" பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீட்ல சாவி யார் கையில இருந்துச்சுங்க?"

பெயின்ட்டைச் சுரண்டும் என்று மட்டும் சொன்னேன். ஒரு நாணயம் அளவுக்குத்தான் சுரண்டினார். எஞ்சினைப் போட்டு, காலை அழுத்தச் சொன்னார். பாட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வெறும் அமைதி. நீர் முதல் நாளே சொன்னது.

அடுத்த ஞாயிறு அதே வாசலில், அந்த மூவரில் மிஞ்சியிருக்கும் இருவரிடம் சொன்னேன்: கோளாறு என் வீட்டில் இருந்தது, அந்த மனிதர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். ஒருத்தி, "அவரைத் திருடன் எண்டுதானே நீங்கள் அப்ப சொன்னனீங்கள்" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, என் சொல் எனக்குத் தெரியாமல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று. நான் அதைத் திருத்தினேன். அவள் நம்பினாளோ தெரியாது.

கொப்பியிலும் திருத்தினேன். கொன்வென்ட் கன்னியர்கள் எங்களுக்குப் பழக்கியபடி, அழிக்காமல், ஒரே கோடு இழுத்து, ஓரத்தில் கையெழுத்து வைத்து. "நான்காவது கம்பி: என் கணவர் கேட்டுப் போட்டது. நான் திறப்பை வைத்திருந்தபடியால்." அந்தப் பக்கத்தின் பிரதியும், உம்முடைய வேலையைப் பற்றி நான் கையெழுத்திட்ட நற்சான்று ஒன்றும் இத்துடன் இருக்கின்றன. பிந்தித்தான் தருகிறேன். இப்போது அவை உமக்கு உதவுமோ தெரியாது.

தெரியாது என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீர் போய்விட்டீர் என்கிறார்கள். வெளிநாடு போனது அல்ல, மற்றது. பஸ் நடத்துனர் ஒருவர் சொன்னார், மருந்துக் கடையில் ஒருவர் சொன்னார். ஒருவர் வேலைத்தளத்தில் என்றார், மற்றவர் சுகயீனம் என்றார். இருவர் இரண்டு விதமாகச் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஒருமுறை வாயால் வந்ததை நம்பி ஊர் உமக்குச் செய்தது போதும். ஆகவே இந்த மடலை லுணுகலையில் உம்முடைய அக்காவின் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

காரை விற்கவில்லை. சுவிட்சைக் கழற்றவும் விடவில்லை. திறப்பு தங்கை மகளிடம் இருக்கிறது. அவள் வேலைக்குப் போனதும் நான் இங்கே வந்து உட்காருகிறேன், பாட்டுப் போடுகிறேன், எழும்பும்போது மறக்காமல் சுவிட்சை நிறுத்துகிறேன். அவளுக்குத் தெரியாது. கேட்டால், காற்று நன்றாக வருகிறது என்று சொல்ல வைத்திருக்கிறேன். ஸ்பேனர் இனித் தேவையில்லை, ஆனாலும் கைப்பையில் கிடக்கிறது. அதன் பாரம் பழகிவிட்டது.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். இந்தச் சுவிட்சைப் போட்டுத் தரும்படி அவர் உம்மிடம் கேட்டாரே, அப்போது சிரித்துக்கொண்டு கேட்டாரா, பயந்துகொண்டு கேட்டாரா? அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னபோது அவருடைய முகம் எப்படி இருந்தது? அதை அறிந்தவர் நீர் ஒருவர்தான். எனக்கு மனம் நோகும் என்று பார்க்க வேண்டாம். இதைப் பிரிப்பது நீர் இல்லையென்றால், உம்முடைய மனைவிக்கு அது தெரிந்திருக்கலாம். கணவன்மார் எல்லாவற்றையும் மறைப்பதில்லை என்று நினைக்க விரும்புகிறேன். ஒரு வரி போதும். முத்திரை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. தயவுசெய்து பதிலை எழுத்தில் தாருங்கள்.